கவிழ்க்காத அம்மி

நியெமோ மடேஜேயின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. இடுப்பில் மகள் செச்செலா. தலையில் சுருட்டிய தோல் விரிப்பு, அதற்குள் ஒரு சுரைக்குடுக்கை. மொத்தக் குடித்தனமே அவ்வளவுதான். மடேஜே அவள் கணவனின் அண்ணன். போக்கிடம் என்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் உயிரோடு மிஞ்சவில்லை.

வீடு பழையது. தட்டையான மண்கூரையோடு நான்கு பக்கமும் நீண்டு கிடந்தது. நடுவில் மாட்டுத் தொழுவம். ஒரு காலத்தில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. இப்போது பழைய சாணி காய்ந்து தூளாகி, காற்றடித்தால் கண்ணில் விழுந்தது.

வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ள கிழக்கு ஆப்பிரிக்காவின் உகோகோ மண்தான் கிடைத்தது. முதலில் ஜெர்மன்காரன் வந்து மாடுகளையும் குதிரில் இருந்த கம்பையும் வாரிக்கொண்டு போனான். அவனைத் துரத்திக்கொண்டு வந்த இங்கிலீஷ்காரன் மிச்சம் மீதியை வழித்தான். சுமை தூக்கவென்று ஆண்களையும் கயிறு கட்டி ஓட்டிக்கொண்டு போனான். நியெமோவின் கணவன் முலேவா அப்படிப் போனவன்தான், இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. இவ்வளவும் போதாதென்று மழையும் பொய்த்தது. அது எந்த வெள்ளைக்காரன் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை.

வாசலில் நின்று குரல் கொடுத்தாள். எதிர்ப்பக்க அறையின் கதவுக்குப் பின்னால் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது, உடனே நின்றது. மெலிதாகக் களி வாசம் வந்தது. அந்த ஊரில் சாப்பிடுகிறவர்கள் வாசலில் நிழல் தெரிந்தாலே கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிடாமல் ஒரு வாய் இறங்காது. அதெல்லாம் பஞ்சத்துக்கு முந்தைய கதை. இப்போது எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லும் சத்தம்கூட வெளியே வராமல் விழுங்கப் பழகிவிட்டார்கள். நியெமோவுக்கு வருத்தம் எதுவும் வரவில்லை. அவளும் அப்படி விழுங்கியவள்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மடேஜே வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். தம்பி மனைவியைப் பார்த்தான், குழந்தையின் குச்சிக் கால்களைப் பார்த்தான். வரவேண்டாம் என்று சொல்ல முடியாத உறவு. மேற்குப் பக்கத்து அறையை மோவாயால் காட்டினான்.

"அது காலியாத்தான் கிடக்கு. படுத்துக்க."

அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மடேஜேயின் இளைய மனைவி முவாஜா இருந்த அறை அது. அவளும் அவளுடைய இரண்டு குழந்தைகளும் செத்துப்போன விவரம் நியெமோவுக்கு முன்பே தெரியும். எந்த வீட்டில்தான் யாரும் சாகவில்லை? குனிந்து உள்ளே போனாள். குளிர்ச்சியாக இருந்தது. சாம்பல் வாசனையும், தலைக்குத் தடவும் ஆமணக்கெண்ணெயின் பழைய வாசனையும் மூக்கில் ஏறின. மூன்று கற்கள் கொண்ட அடுப்பு. பக்கத்தில் அம்மி, அதன் மேல் குழவி.

அம்மி நிமிர்ந்தே இருந்தது.

ஒரு வீட்டுக்காரி செத்தால் அவள் அம்மியைக் கவிழ்த்துப் போடவேண்டும். அப்போதுதான் தன் வேலை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் யாரும் அதைச் செய்திருக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நியெமோ நினைத்தாள். கல்லைப் புரட்ட அவள் கையில் வலு ஏது? மகளை அணைத்துக்கொண்டு சுவரோரம் சுருண்டாள்.

மறுநாள் காலையில் செச்செலாவால் எழுந்திருக்க முடியவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. நியெமோ அவளை அறையிலேயே விட்டுவிட்டுக் கிழங்கு தோண்டப் போனாள். காடெல்லாம் முன்பே யாரோ தோண்டிப்போட்ட குழிகள். பெருக்கமரத்தடியில் ஒரு காய் கிடைத்தது. அதன் புளித்த மாவைக்கூட வண்டு தின்றிருந்தது. வழியில் ஒரு கழுதைப்புலி படுத்திருந்தது. அவளைப் பார்த்தும் எழவில்லை. அந்த வருஷம் நாட்டில் வயிறு நிறைந்திருந்தது அதற்கு மட்டும்தான்.

உச்சி வெயிலில் திரும்பி வந்தாள். தொழுவத்தைத் தாண்டும்போது அந்தச் சத்தம் கேட்டது.

குழவி முன்னால் போனது, பின்னால் வந்தது. மறுபடி போனது, வந்தது.

அரைக்கும் சத்தம் கேட்டு எத்தனையோ மாதங்கள் ஆகிவிட்டன. அது என்னவென்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரே சீராக, அவசரமில்லாமல், குதிர் நிறையத் தானியம் வைத்திருப்பவள் அரைப்பதைப்போல யாரோ அரைத்தார்கள்.

வாசலில் அவள் நிழல் விழுந்ததும் சத்தம் நின்றது.

உள்ளே செச்செலா மட்டும் இருந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டிருந்தாள். அம்மி காய்ந்து கிடந்தது. ஆனால் அறை முழுக்கப் புதுக் கம்பு மாவின் வாசம்.

"யாரு அரைச்சது?"

"பெரியம்மா."

நோன்யாவாகத்தான் இருக்கும் என்று நியெமோ நினைத்தாள். நோன்யா மடேஜேயின் மூத்த மனைவி. வாயில்தான் விஷம், மனசு அவ்வளவு மோசமில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு, நன்றி சொல்ல எதிர்ப்பக்கம் போனாள். நோன்யா அவளை மேலும் கீழும் பார்த்தாள். சூடு வைத்தாற்போலச் சொன்னாள்.

"உனக்குப் பசியில கிறுக்குப் பிடிச்சிருக்கு. அந்த வாசல்ல நான் காலு வச்சே மாசக்கணக்காச்சுடி."

அடுத்த நாளும் உச்சி வெயிலில் சத்தம் கேட்டது. அதற்கடுத்த நாளும். நியெமோ அருகில் போனால் நின்றுவிடும். அறைக்குள்ளேயே உட்கார்ந்து காவல் காத்தால் வராது. அன்றைக்கு செச்செலா பசியோடு அழுவாள். ஒரு நாள் அப்படிக் காத்துவிட்டு, மறுநாள் முதல் நியெமோ பொழுது உச்சிக்கு ஏறும்போது தானாகவே எழுந்து வெளியே போனாள். எதற்காகப் போகிறோம் என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவில்லை.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயப்படவும் உடம்பில் கொஞ்சம் சத்து வேண்டும்.

குழந்தையின் கன்னம் மேடிட்டது. காலில் சதை போட்டது. முதலில் அதை வீக்கம் என்றுதான் நினைத்தாள். சாவுக்கு முன்னால் பசி காட்டும் கடைசி ஏமாற்று அது. ஆள் திடீரெனப் பூசினாற்போல இருப்பார், தோலுக்கடியில் வெறும் நீர் கோத்திருக்கும். நோன்யாவின் இரண்டு பையன்களுக்கும் கால் அப்படித்தான் இருந்தது. நியெமோ மகளின் கணுக்காலைப் பிடித்துக் கட்டைவிரலை அழுத்தினாள். நீராக இருந்தால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும்.

விரலை எடுத்தாள்.

குழி இல்லை.

அது நீர் இல்லை, சதை. சோறு தின்று வளர்ந்த சதை. அப்போதுதான் நியெமோவுக்குப் பயம் வந்தது.

நோன்யாவிடம் மறுபடி போனாள். இந்தத் தடவை நோன்யா கிறுக்கு என்று சொல்லவில்லை. செச்செலாவின் உடம்பை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். சுவரைப் பார்த்தபடி, யாருக்கோ நடந்ததுபோல எல்லாவற்றையும் சொன்னாள். குதிரில் இருந்தது இரண்டு அடுப்புக்குக் காணாது என்று மடேஜே முடிவு செய்தான். மூத்தவளின் அடுப்புக்குக் கொடுத்தான், இளையவளுக்கு நிறுத்திவிட்டான். முவாஜா சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. குழந்தைகள் அழுதால் அம்மி முன்னால் உட்கார்ந்து வெறும் கல்லை அரைப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா அரைக்கிறாள், கூழ் வரப்போகிறது என்று அவை தூங்கிவிடும். ஒரு நாள் தூங்கியவை எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் அரைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தபோது கை குழவியின் மேல் இருந்தது.

"அம்மியைக் கவிழ்க்கணும்னு எங்களுக்குத் தெரியாதா? யாரு உள்ள போறது? அவரு போகலை. நானும் போகலை." நோன்யா குரலைத் தாழ்த்தினாள். "இப்ப நீ போய்க் கவிழ்த்துடு, தங்கச்சி. புள்ள யாரு சட்டியில சாப்பிடுதோ, அவளுக்குத்தான் அது புள்ள. உனக்குத் தெரியாததா?"

நியெமோ போனாள். அம்மியின் ஓரத்தில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினாள். கல்லின் அடிப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. பாதி நிமிர்ந்திருக்கும்போது வெளியே ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

செச்செலா தொழுவத்தில் ஒரு ஓணானைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

அந்தக் குழந்தை ஓடி நியெமோ பார்த்தது எப்போது? அவளுக்கு நினைவில்லை. சிரிக்க வேறு சிரித்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சத்தமில்லாமல், உறங்கும் பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல, கல்லை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மறுநாளும் பொழுது உச்சிக்கு ஏறும்போது எழுந்து வெளியே போனாள்.

கொழுத்த குழந்தையை மறைத்து வைக்க முடியாது. மடேஜே ஒரு நாள் அந்த அறைக்கு ஆளனுப்பிச் சுவரைத் தட்டி, தரையைக் குத்திப் பார்த்தான். நியெமோ எங்கோ தானியம் பதுக்கியிருக்கிறாள் என்று அவனுக்குச் சந்தேகம். ஒரு மணியும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தான். பிறகு ஒரு மத்தியானம் தோல்வாரை எடுத்துக்கொண்டு, இத்தனை நாள் திரும்பியே பார்க்காத மேற்கு வாசலுக்கு வந்து நின்றான். செச்செலா உள்ளே இருந்தாள். தொழுவத்தோரம் இருந்த நியெமோ எழுந்து வந்தாள்.

"மலைக்கு அந்தாண்ட இருக்கறவங்க கிட்ட இன்னும் கம்பு இருக்கு. புள்ளைங்கள அடகா எடுத்துக்கறாங்க. உன் மக தெம்பா இருக்கா, அரைக் குதிராவது கொடுப்பாங்க. மழை வந்தா மீட்டுக்கலாம்."

"இதுவரைக்கும் யாரை மீட்டிருக்காங்க, அத்தான்?"

அவன் தோல்வாரைப் பிரித்தான். கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. இரண்டு பையன்களும் காலில் நீர் கோத்துப் படுத்துக் கிடக்கிறார்கள். முன்பு ஒரு தடவை கணக்குப் போட்டு ஒரு அடுப்பை அணைத்தவன், மறுபடியும் அதே கணக்கைப் போட்டான், அவ்வளவுதான். நியெமோ வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். லேசாகத்தான் தள்ளினான். அதற்கே அவள் விழுந்துவிட்டாள்.

அப்போது அரைக்கும் சத்தம் தொடங்கியது.

மடேஜேயின் கால் நின்ற இடத்திலேயே நின்றது. அவன் அதை முதல் தடவையாகக் கேட்கிறான். இல்லை, முன்பு எத்தனையோ நாள் கேட்டிருக்கிறான். அப்போது கதவைச் சாத்திக்கொண்டான்.

சத்தம் நின்றது. அடுப்பில் விறகு வெடித்தது. வெந்த களியின் வாசம் வாசலைத் தாண்டி வந்தது. பால் ஊற்றிய களி.

அந்த ஊரில் பால் என்பதே இல்லை.

உள்ளேயிருந்து செச்செலாவின் குரல் வந்தது, வளர்ந்த பெண்ணைப்போல மரியாதையாக.

"பெரியப்பா, வாங்க. சாப்பிடலாம்."

பல மாதங்களாக அந்த முற்றத்தில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட பிறகு மறுக்கக் கூடாது. மடேஜேயால் மறுக்கவும் முடிந்திருக்காது. தோல்வாரைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து உள்ளே போனான்.

நியெமோ விழுந்த இடத்திலேயே கிடந்தாள். உள்ளே விழுங்கும் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக, மூச்சுவிட நேரமில்லாமல்.

நிழல் சுவரிலிருந்து தொழுவம்வரை நீண்டது.

விழுங்கும் சத்தம் நிற்கவில்லை.

பிறகு நின்றது.

செச்செலா கையைத் துடைத்துக்கொண்டு தனியாக வெளியே வந்தாள்.

"பெரியப்பாவுக்குப் பசி அடங்கவே இல்லம்மா."

நியெமோ தவழ்ந்து போய்ப் பார்த்தாள். அம்மிக்கு எதிரே அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் இரண்டும் புடைத்திருந்தன. வாய் நிறையச் செம்மண். முன்னால் தரை கைவிட்டுத் தோண்டிய குழியாக இருந்தது. பத்து விரல் நகமும் பிய்ந்திருந்தன. கண் திறந்திருந்தது, இன்னும் பரிமாறுவார்கள் என்று காத்திருப்பதுபோல.

அடுப்பு குளிர்ந்துதான் இருந்தது.

நோன்யா ஒப்பாரி வைக்கவில்லை. இருவருமாகச் சேர்ந்து அவனை முள்வேலிக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். புதைக்க வலுவில்லை. மறுநாள் விடியும்போதே நோன்யா பையன்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் கிளம்பினாள். அங்கே தண்டவாள வேலைக்கு வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறார்களாம். நியெமோவும் செச்செலாவைத் தூக்கிக்கொண்டு உடன் நடந்தாள். இனி அந்த வீட்டில் ஒரு பொழுதும் இருக்கக்கூடாது என்று இருந்தது. செத்தாலும் தன் மகளாகச் சாகட்டும் என்று நினைத்தாள். நினைப்பது எளிது.

வழியில் கிடைத்த கிழங்கை மென்று மகள் வாயில் வைத்தாள். செச்செலா துப்பிவிட்டாள். பெருக்கங்காய் மாவைக் கரைத்துக் கொடுத்தாள். அதையும் துப்பினாள். பசிக்கவில்லையா என்று கேட்டால், வீட்டில் சாப்பிடுகிறேன் என்றாள். ஏறிய சதை ஏறிய வேகத்தைவிட வேகமாக இறங்கியது. அன்று மாலையே கன்னம் ஒட்டியது. மறுநாள் கழுத்து நிற்கவில்லை. தாயின் தோளில் தலையைப் போட்டு, வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயில் பாதைக்கு இன்னும் தூரம் இருந்தது. நோன்யா திரும்பிப் பார்த்தாள். நியெமோ நடுப்பாதையில் நின்றுவிட்டிருந்தாள்.

"போகாதே," என்றாள் நோன்யா.

"என் கையில இருந்தா செத்துப்போயிடுவா, அக்கா."

நோன்யா பையன்களைத் தாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

எப்படித் திரும்பி நடந்தாள் என்று நியெமோவுக்குப் பின்னால் நினைவில்லை. வேலியைத் தாண்டும்போதே சத்தம் கேட்டது. குழவி முன்னால் போனது, பின்னால் வந்தது. இந்தத் தடவை அவள் நிழல் விழுந்தும் நிற்கவில்லை. மகளை மேற்கு வாசலில் இறக்கிவிட்டாள். கழுத்து நிற்காத குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. தாயைத் திரும்பிப் பார்க்காமல் இருட்டுக்குள் போனது.

உள்ளே யாரோ மெல்ல "உக்காரு கண்ணு" என்றார்கள்.

நியெமோ அழவில்லை. அழாததற்காக வெட்கப்படவும் இல்லை. கை வெறுமையாகத் தொங்கியது, இனி அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சும்மா நடந்தாள். ரயில் பாதையில் கல் சுமந்தாள், கஞ்சி குடித்தாள், உயிரோடு இருந்தாள். மகள் எங்கே என்று யாராவது கேட்டால் உறவுக்காரர் வீட்டில் இருக்கிறாள் என்றாள். அது பொய்யும் இல்லை.

மழை வந்தது. கப்பலில் இருந்தும் தானியம் வந்ததாகச் சொன்னார்கள். அவள் ஒரு முடிச்சு விதைக் கம்பைச் சம்பாதித்து இடுப்பில் கட்டிக்கொண்டு மடேஜேயின் வீட்டை நோக்கி நடந்தாள். வழியெங்கும் புல் முளைத்து எலும்புகளை மூடியிருந்தது. எலும்புதான் இருக்கும் என்று தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனாள். அதைப் புதைத்துவிட்டு, அந்தக் கல்லை உடைத்துப்போடலாம் என்றிருந்தாள்.

கூரையின் மூன்று பக்கம் மழையில் இடிந்திருந்தது. மேற்குப் பக்கம் மட்டும் புது மண் பூசி நேர்த்தியாக நின்றது. அதன் முன்னால் களை பறித்த கம்பங்கொல்லை, முழங்கால் உயரம்.

செச்செலா வாசலில் உட்கார்ந்திருந்தாள். வளர்ந்திருந்தாள். முன்பற்கள் விழுந்து புதுப்பல் முளைத்திருந்தது. தலையில் ஒரு பாதி நெருக்கமாகப் பின்னி, செங்காவியும் எண்ணெயும் தடவி மினுமினுத்தது. மறுபாதி அவிழ்ந்து கிடந்தது.

நியெமோ அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை நிமிர்ந்து பார்த்தது. முகத்தில் பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

"யாரு நீங்க? அம்மாவைப் பார்க்க வந்தீங்களா?"

நியெமோ வாய் திறந்தாள். நான்தான் அம்மா என்று சொல்ல வந்தாள். மகளின் தோளையும் கையையும் பார்த்தாள். காலைப் பார்த்தாள். எங்கும் எலும்பு தெரியவில்லை.

"வயிறு நெறையுதா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"ம். தினமும் நெறையும்." குழந்தை தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. "இன்னும் பாதி பின்னணும். அசையாம உக்காரச் சொல்லியிருக்காங்க. பேசினா திட்டுவாங்க."

அவள் திரும்பி, திறந்த கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் பின்னால் யாரும் இல்லை.

அவிழ்ந்து கிடந்த முடி மெல்ல மேலே எழுந்தது. மூன்றாகப் பிரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக, பொறுமையாகப் பின்னிக்கொள்ளத் தொடங்கியது.

அது முடியும்வரை நியெமோ இருந்த இடத்திலேயே இருந்தாள். பிறகு விதை முடிச்சை வாசலில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.